டெக்னாலஜி மேல பயமா, பணம் மாட்டிக்கும்னு பயமா? சங்கராபுரம் பேங்க் கவுன்ட்டரின் ரெண்டு பக்கமும்



"எங்க கஸ்டமர்ஸுக்கு டெக்னாலஜின்னாலே பயம் சார். எவ்ளோ சொல்லிக் கொடுத்தாலும் பாஸ்புக்கைத் தூக்கிட்டு கவுன்ட்டருக்குத்தான் வருவாங்க."

"பேங்க்ல கேட்டா ஆப்ல பாருங்கன்றாங்க. ஆப்ல கேட்டா பேங்க்ல கேளுங்கன்னு வருது. நாங்க யார்கிட்டதாங்க போறது?"

முதல்ல சொன்னது பேங்க் மேனேஜர்கள் சொல்றது. ரெண்டாவது, கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிக்கிறவங்க சொல்றது. எந்தச் சின்ன ஊருக்குப் போனாலும் இந்த ரெண்டையும் ஒரே நாள்ல கேட்டுடலாம்.

நம்ம சேனலைப் பார்க்கிற ஒரு எம்.காம் மாணவி சங்கராபுரம் பக்கத்துல இருந்து ஒரு கேள்வித்தாள் அனுப்பியிருந்தாங்க. வங்கிச் சேவையில ஃபின்டெக் பத்தி வாடிக்கையாளர்களும் மேனேஜர்களும் என்ன நினைக்கிறாங்கன்னு ப்ராஜெக்ட் பண்றாங்களாம். "ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கண்ணா"ன்னு கேட்டாங்க. அவங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தப்போ, இது எல்லாருக்கும் உபயோகமா இருக்கும்னு தோணுச்சு. ஏன்னா இதுல மாட்டியிருக்கிறது ஒரு ப்ராஜெக்ட்டோட மார்க் மட்டும் இல்ல, ஆயிரம் ரெண்டாயிரம்னு வர்ற வீட்டுச் செலவுப் பணம்.

முதல்ல ஊரைப் பார்ப்போம்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பர்ல விழுப்புரத்துல இருந்து பிரிஞ்ச மாவட்டம். அதுல சங்கராபுரம் ஒரு தாலுகா தலைநகரம். கள்ளக்குறிச்சியில இருந்து திருவண்ணாமலை போற வழியில இருக்கு. ஒரு பக்கம் நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளையுற சமவெளி, இன்னொரு பக்கம் கல்வராயன் மலை. மலையில வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு மாதிரி ஊர்கள். அங்க சில இடங்கள்ல சிக்னல் கிடைக்கிறதே பெரிய விஷயம். பிழைப்புக்காக வெளியூர், வெளிமாநிலம் போறவங்களும் மலையில அதிகம்.

இந்த ஊர்ல "ஃபின்டெக்"னா என்ன? நாலு பேரை நினைச்சுக்கோங்க.

டீக்கடைக்காரருக்கு அது ஸ்பீக்கர் பாக்ஸ். "பதினைந்து ரூபாய் பெறப்பட்டது"ன்னு சத்தமா சொல்லும்.

மகளிர் உரிமைத் தொகை வாங்குற அக்காவுக்கு அது மாசாமாசம் வர்ற ஆயிரம் ரூபாய் மெசேஜ். 2023 செப்டம்பர் 15-ல ஆரம்பிச்ச இந்தத் திட்டத்துல பணம் நேரா பேங்க் அக்கவுண்ட்டுக்குத்தான் வருது.

நூறு நாள் வேலை பார்க்கிற அம்மாவுக்கு அது கைரேகை மெஷின். தெருவுக்கு ஒரு பேங்க் கிளை வைக்க முடியாதுங்கிறதால, வங்கி முகவர்களை வெச்சுச் சேவை கொடுக்கலாம்னு ஆர்பிஐ 2006-லயே அனுமதி கொடுத்துடுச்சு. அந்த முகவர்கிட்ட விரல் வெச்சா பணம் வரும்.

மலையில இருக்கிற அம்மாவுக்கு, வெளிமாநிலத்துல வேலை செய்ற மகன் அனுப்புற பணம்தான் ஃபின்டெக். பட்டன் அமுக்குறது மகன். பணம் எடுக்க மலை இறங்கி வர்றது அம்மா.

இப்போ கவனிங்க. டீக்கடையில யுபிஐ-யில பணம் வாங்குற அதே அண்ணன், தங்கச்சி கல்யாணத்துக்கு ரெண்டு லட்சம் அனுப்பணும்னா பேங்க்ல செலான் எழுதிக் கொடுப்பார். அவருக்கு டெக்னாலஜி மேல பயமா இல்லையா? ரெண்டுமே தப்பான பதில். பதினஞ்சு ரூபாய் போனா போகட்டும், ரெண்டு லட்சம் போனா யார் பொறுப்பு? அவர் போடுறது ஒரு கணக்கு. அதை நாம பயம்னு பேர் வெச்சுக் கூப்பிடுறோம்.

மேனேஜர் பக்கத்து நியாயம்

மேனேஜர்களைத் திட்டுறது சுலபம். ஆனா அவங்க நாற்காலியில உட்கார்ந்து பார்த்தா வேற மாதிரி தெரியும்.

உரிமைத் தொகை ஏறுற வாரம், பென்ஷன் வர்ற நாள், கரும்புப் பணம் வர்ற நேரம்னு கூட்டம் வாசல் தாண்டி நிக்கும். உள்ள இருக்கிற ஊழியர்கள் விரல் விட்டு எண்ணுற அளவுதான். அந்தக் கூட்டத்துல பாதி பேர் பேலன்ஸ் கேட்கவும் பாஸ்புக் பிரிண்ட் போடவும் வந்தவங்க. இது ஃபோன்லயே முடிஞ்சா நல்லா இருக்கும்னு மேனேஜர் நினைக்கிறதுல தப்பே இல்ல.

அடுத்தது டார்கெட். எத்தனை மொபைல் பேங்கிங் ஆக்டிவேஷன், எத்தனை க்யூஆர் கொடுத்தீங்கன்னு மேலிடத்துல இருந்து கேட்பாங்க. "யுபிஐ-யில மாட்டுன எத்தனை பேர் பணத்தைத் திருப்பி வாங்கிக் கொடுத்தீங்க?"ங்கிற கேள்வி அதே வேகத்துல வர்றதில்ல. எதை எண்ணுறாங்களோ அதுதான் நடக்கும். இது எந்த ஆபிஸுக்கும் பொருந்தும்.

மூணாவது சிக்கல்தான் பெரிசு. கஸ்டமர் கையில இருக்கிற ஆப் ஒரு கம்பெனியோடது. அக்கவுண்ட் இந்த பேங்க்ல. பணம் போய்ச் சேர வேண்டியது இன்னொரு பேங்க். நடுவுல என்பிசிஐ. பணம் எங்க நிக்குதுன்னு கிளை மேனேஜரோட ஸ்க்ரீன்ல பல நேரம் முழுசா தெரியாது. ஆனா கஸ்டமருக்குத் தெரிஞ்ச ஒரே முகம் அந்த மேனேஜர்தான். அதனால கோபம் எல்லாம் அவர் மேல வருது. அவரும் "ஆப்லயே கம்ப்ளைன்ட் போடுங்கம்மா"ன்னு முடிச்சிடுறார்.

இதுல ஒரு நல்ல தகவல் இருக்கு. தோல்வியடையுற யுபிஐ பரிவர்த்தனைகளை என்பிசிஐ ரெண்டு வகையா பிரிச்சு, பேங்க் வாரியா மாசாமாசம் வெளியிடுது. ஒண்ணு, தப்பான பின் போட்டது, பேலன்ஸ் இல்லாதது, லிமிட் தாண்டினது மாதிரி வாடிக்கையாளர் பக்கக் காரணம். இதுக்கு "பிசினஸ் டிக்ளைன்"னு பேரு. இன்னொண்ணு, பேங்க் சர்வரோ நெட்வொர்க்கோ படுத்துக்கிட்டது. அது "டெக்னிக்கல் டிக்ளைன்". "கஸ்டமருக்குத்தான் சரியா யூஸ் பண்ணத் தெரியல"ன்னு சொல்ற மேனேஜரும், "பேங்க் சர்வர் எப்பவுமே டவுன்"னு சொல்ற கஸ்டமரும் இந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா சண்டை பாதி குறையும்.

இன்னும் ஒண்ணு. பேங்க் ஊழியர்களே ஒரு காலத்துல கம்ப்யூட்டரை எதிர்த்தவங்கதான். வேலை போயிடும்னு நியாயமான கவலை. 1983-ல வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் எழுத்துப்பூர்வமா ஒப்பந்தம் போட்டாங்க. 1984-ல சி. ரங்கராஜன் தலைமையிலான ஆர்பிஐ குழு, கிளைகளை எப்படி இயந்திரமயமாக்கலாம்னு அறிக்கை கொடுத்துச்சு. அப்புறம் படிப்படியா கம்ப்யூட்டர் உள்ள வந்துச்சு. நஷ்டம் யாருக்குன்னு பேசி, எழுதி வெச்ச பிறகுதான் ஊழியர்களோட மனசு மாறுச்சு. கஸ்டமர் இன்னிக்குக் கேட்கிறதும் அதே மாதிரி ஒரு உறுதியைத்தான்.

கஸ்டமர் பயப்படக் காரணம் இருக்கா?

இருக்கு. மூணு சம்பவம் சொல்றேன்.

2017. ஏர்டெல் சிம்மை ஆதாரோட இணைக்கப் போனவங்களுக்கு, அவங்களுக்கே சரியா தெரியாம ஏர்டெல் பேமென்ட்ஸ் பேங்க்ல அக்கவுண்ட் திறக்கப்பட்டுச்சு. ஆதார் வழியா வர்ற மானியம் கடைசியா எந்த அக்கவுண்ட்ல இணைப்பு இருக்கோ அங்கதான் போகும். அதனால லட்சக்கணக்கானவங்களோட கேஸ் மானியம் அந்தப் புது அக்கவுண்ட்டுக்குப் போயிடுச்சு. ஆதார் ஆணையம் டிசம்பர்ல அந்த நிறுவனத்தோட இ-கேஒய்சி உரிமத்தை நிறுத்தி வெச்சுது. 2018 மார்ச்ல ஆர்பிஐ 5 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு. "பேங்க்ல பணம் வரலன்னாங்க, ஆனா அனுப்பிட்டோம்னு மெசேஜ் இருக்கு"ன்னு அலைஞ்சவங்க யாருமே டெக்னாலஜி தெரியாதவங்க இல்ல. அவங்களைக் கேட்காமலே அவங்க பணத்தோட பாதை மாறிடுச்சு.

2023 செப்டம்பர். உரிமைத் தொகை முதல் தவணை ஏறினதுமே, சில வங்கிகள் மினிமம் பேலன்ஸ் கட்டணம்னு அதுல கை வெச்சதா புகார் வந்துச்சு. அப்படிப் பிடிக்கக் கூடாதுன்னு தமிழ்நாடு அரசு தலையிட்டுச் சொல்ல வேண்டியதாயிடுச்சு. ஆயிரம் ரூபாய் வரும்னு கணக்கு போட்டு வெச்சிருந்த ஒரு வீட்டுல அது எவ்ளோ பெரிய அடின்னு யோசிச்சுப் பாருங்க.

மூணாவது, கைரேகை. பத்திரப்பதிவு ஆவணங்கள்ல இருக்கிற ரேகையை சிலிக்கான்ல நகல் எடுத்து, ஆதார் வழியா பணம் திருடின வழக்குகள் சில மாநிலங்கள்ல பதிவாயிருக்கு. இதுல ஓடிபி வராது. பாதிக்கப்பட்டவங்க யாருக்கும் எதையும் சொல்லல. "ஓடிபி யாருக்கும் சொல்லாதீங்க"ன்னு ஒட்டியிருக்கிற போஸ்டர் இவங்களைக் காப்பாத்தாது.

அப்போ பாஸ்புக்ல பிரிண்ட் போடச் சொல்ற பாட்டியை "பின்தங்கியவங்க"ன்னு எப்படிச் சொல்றது? அவங்க தன்கிட்ட ஒரு ஆதாரம் வெச்சுக்கிறாங்க. ஆடிட்டரா நான் அதைப் பாராட்டத்தான் செய்வேன்!

கடைக்காரரோட பயம் வேற

கடைக்காரருக்கு ஸ்பீக்கர் பாக்ஸ் பிடிக்கும். 2020 ஜனவரியில இருந்து யுபிஐ-க்கு கடைக்காரர்கிட்ட எம்டிஆர் கட்டணமும் கிடையாது. அவரோட பயம் வரி.

2025 ஜூலையில கர்நாடகத்துல யுபிஐ வரவை வெச்சுச் சின்னக் கடைகளுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனதும், பெங்களூருல பல கடைகள் க்யூஆரைக் கழட்டிட்டு "கேஷ் மட்டும்"னு எழுதி வெச்சாங்க. பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம்னு அந்த அரசு பிறகு சொல்லுச்சு. ஆனா அந்தச் செய்தி நம்ம ஊர் வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் வந்துடுச்சு.

இதுல தெளிவா இருங்க. தமிழ்நாட்டுல பொருள் மட்டும் விக்கிறவங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு பொதுவா வருஷத்துக்கு 40 லட்சம், சேவைன்னா 20 லட்சம். இது மொத்த விற்பனைக் கணக்கு. பணமா வாங்கினாலும் சேரும். க்யூஆரைக் கழட்டினா விற்பனை குறைஞ்சதா ஆகாது. காய்கறி, பால் மாதிரி வரிவிலக்குள்ள பொருள் மட்டும் விக்கிறவங்களுக்குப் பதிவே தேவையில்ல. வருமான வரியிலயும், உத்தேச லாபம் காட்டுற முறையில பணமா வந்த விற்பனைக்கு 8%, டிஜிட்டலா வந்ததுக்கு 6% லாபம் காட்டினா போதும். டிஜிட்டல் வரவால உங்களுக்கு லாபம்தான்.

கேள்வித்தாள்ல என்ன பிரச்சனை?

இந்த மாதிரி ப்ராஜெக்ட் பெரும்பாலும் ஒரே அச்சுல இருக்கும். 1989-ல ஃப்ரெட் டேவிஸ்ங்கிற ஆய்வாளர் ஒரு கோட்பாடு கொண்டு வந்தார். ஒரு தொழில்நுட்பம் பயனுள்ளதா தெரியுதா, சுலபமா தெரியுதா? இந்த ரெண்டும்தான் ஒருத்தர் அதை ஏத்துக்கிறதைத் தீர்மானிக்கும்ங்கிறது அதோட சாரம். நல்ல கோட்பாடு. ஆனா அவர் அதைப் பரிசோதிச்சது மின்னஞ்சல் மாதிரி ஆபிஸ் சாஃப்ட்வேர்கள்ல. மெயில் போகலன்னா திரும்ப அனுப்பலாம். கூலிப்பணம் போகலன்னா அன்னிக்கு ராத்திரி அரிசி வாங்க முடியாது. அதனாலதான் பணம் சம்பந்தப்பட்ட ஆய்வுல பின்னாடி வந்தவங்க நம்பிக்கை, ரிஸ்க் ரெண்டையும் சேர்த்தாங்க. நம்ம ஊர்ல அந்த ரெண்டைத்தான் முதல்ல வைக்கணும்.

அடுத்து, யாரைக் கேட்கிறோம்? கூகுள் ஃபார்ம் லிங்க்கை வாட்ஸ்அப்ல அனுப்பினா, ஸ்மார்ட்ஃபோன் இருக்கிறவங்க மட்டும்தான் பதில் சொல்வாங்க. அப்புறம் "பெரும்பாலானோர் டிஜிட்டல் சேவையை விரும்புகிறார்கள்"னு முடிவு வராம வேற என்ன வரும்? சேராப்பட்டுல இருக்கிற அம்மாகிட்ட அந்த லிங்க் போகவே போகாது.

எங்க வெச்சுக் கேட்கிறோம்ங்கிறதும் முக்கியம். பேங்க் உள்ளயே, மேனேஜர் பார்வையில வெச்சுக் கேட்டா, "சேவையில் திருப்தியா?"ங்கிற கேள்விக்கு எல்லாரும் அஞ்சுக்கு நாலு போட்டுடுவாங்க. நாளைக்கு நகைக்கடனுக்கு அவர்கிட்டதானே வரணும்! பஸ் ஸ்டாண்டுலயோ ரேஷன் கடை வாசல்லயோ தமிழ்ல பேசிக் கேட்டா வேற பதில் வரும்.

"பிடிச்சிருக்கா, சுலபமா இருக்கா"ங்கிறதுக்குப் பதிலா நான் சேர்க்கச் சொன்ன கேள்விகள் இவை:

1. கடைசியா பணம் மாட்டினது எப்போ, எவ்வளவு?
2. முதல்ல யார்கிட்ட போனீங்க? பேங்க், முகவர், பையன், கடைக்காரர்?
3. எத்தனை நாள்ல திரும்பி வந்துச்சு? அதுக்காக எத்தனை நாள் கூலி போச்சு, பஸ் செலவு எவ்வளவு?
4. உங்க ஃபோன்ல பின் நம்பர் போடுறது நீங்களா, வேற யாராவதா?
5. முகவர் பணம் கொடுக்கும்போது ரசீது கொடுத்தாரா, கமிஷன் பிடிச்சாரா?

நாலாவது கேள்வி சின்னதா தெரியும். ஆனா "யுபிஐ பயன்படுத்துகிறேன்"னு டிக் பண்ற பலர் வீட்டுல பின் போடுறது மகனோ பேத்தியோதான். அவங்களை எந்தக் கட்டத்துல சேர்ப்பீங்க?

மேனேஜர்கிட்டயும் இதே கேள்விகளைத் திருப்பிக் கேட்கணும். "உங்க கிளையில பணம் மாட்டினதா வர்ற புகாரை யார் பார்க்கிறா? பதிவு பண்ணி நம்பர் கொடுக்கிறீங்களா? எத்தனை நாள்ல முடியுது?" கஸ்டமர் சொல்ற நாளும் மேனேஜர் சொல்ற நாளும் எவ்வளவு தூரத்துல இருக்குங்கிறதுதான் அந்த ஆய்வோட நிஜமான முடிவு.

2025 ஆகஸ்ட்ல நாடு முழுக்க ஒரே மாசத்துல 2,000 கோடி யுபிஐ பரிவர்த்தனை தாண்டிடுச்சு. ஏத்துக்கிட்டாங்களாங்கிற கேள்விக்கு இந்த எண்ணே பதில் சொல்லிடுது. நாம கேட்க வேண்டியது, தப்பு நடந்தா யார் சுமக்கிறாங்கன்னுதான்.

உங்க பணம் மாட்டினா? இதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க

உறுதி எழுதித்தான் இருக்கு. கவுன்ட்டர் வரைக்கும் அது வந்து சேரல, அவ்வளவுதான்.

- யுபிஐ-யில ஆளுக்கு அனுப்பி, பணம் கழிஞ்சும் அவருக்குப் போகலன்னா: அடுத்த நாளுக்குள்ள திரும்பி வரணும். தாண்டினா ஒரு நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கடைக்குக் கட்டி மாட்டினா கெடு 5 நாள். இது ஆர்பிஐ 2019 செப்டம்பர்ல போட்ட விதி.
- ஏடிஎம்ல பணம் வராம கழிஞ்சா, கைரேகை மெஷின்ல கழிஞ்சும் பணம் கைக்கு வரலன்னா: 5 நாள் கெடு. அதுக்கப்புறம் நாளுக்கு 100 ரூபாய். நீங்க கேட்காமலே பேங்க் இதைக் கொடுக்கணும்னு அதே விதி சொல்லுது.
- நீங்க செய்யாத பரிவர்த்தனைன்னா: 2017 ஜூலை ஆர்பிஐ விதிப்படி, உங்க தப்போ பேங்க் தப்போ இல்லாத மோசடியை 3 வேலை நாளுக்குள்ள பேங்க்ல சொன்னா உங்களுக்கு நஷ்டம் பூஜ்யம். சொன்ன 10 வேலை நாளுக்குள்ள அந்தத் தொகையை பேங்க் உங்க கணக்குல தற்காலிகமா வரவு வைக்கணும். தப்பு உங்களோடதுன்னு நிரூபிக்கிற பொறுப்பும் பேங்க்கோடது. ஆனா பின், ஓடிபி நீங்களே சொல்லிட்டா, புகார் கொடுக்கிற வரைக்கும் உள்ள நஷ்டம் உங்களோடது. அதனால தாமதிக்காதீங்க.
- மோசடின்னா உடனே 1930-க்கு கூப்பிடுங்க. அடுத்தது பேங்க். ரெண்டுலயும் புகார் நம்பர் வாங்குங்க.
- பேங்க்ல எழுத்துல புகார் கொடுத்து 30 நாள் ஆச்சா? ஆர்பிஐ ஆம்பட்ஸ்மேன்கிட்ட இலவசமா புகார் பண்ணலாம். விவரத்துக்கு 14448.
- கைரேகை பயம் இருக்கா? ஆதார் ஆப்லயோ இணையதளத்துலயோ பயோமெட்ரிக்கை லாக் பண்ணிடுங்க. தேவைப்படும்போது மட்டும் திறக்கலாம். மானியம் எந்த பேங்க்குக்குப் போகுதுங்கிறதையும் அங்கயே பார்க்கலாம்.
- வங்கி முகவர் உங்ககிட்ட நேரடியா கமிஷன் வாங்கக் கூடாது. ரசீது கேளுங்க.
- பட்டன் ஃபோன்தான் இருக்கா? 2022 மார்ச்ல வந்த யுபிஐ 123பே அதுக்காகத்தான். இன்டர்நெட் தேவையில்ல.
- வீட்டுல 70 வயசு தாண்டினவங்க இருக்காங்களா? வீட்டுக்கே வந்து அடிப்படை பேங்க் சேவை கொடுக்கணும்னு 2017-லயே ஆர்பிஐ சொல்லியிருக்கு. உங்க கிளையில கேளுங்க.

இதைப் படிக்கிற பேங்க் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். "ஆப்ல போடுங்க"ன்னு சொல்றதுக்குப் பதிலா, ஒரு துண்டுச் சீட்டுல புகார் நம்பரும் கெடு தேதியும் எழுதிக் கொடுங்க. ரெண்டு நிமிஷ வேலை. அடுத்த மாசம் அவங்களே மொபைல் பேங்கிங் கேட்டு வருவாங்க. உங்க டார்கெட்டும் முடியும்.

கஸ்டமர்களுக்கு: மாட்டின பணத்துக்கு வாயால கேட்டுட்டு வராதீங்க. தேதி, நேரம், தொகை, பரிவர்த்தனை நம்பர் நாலையும் எழுதி, ஒரு நகல்ல சீல் வாங்கிட்டு வாங்க.

உங்களுக்குப் பணம் மாட்டின அனுபவம் இருந்தா, எத்தனை நாள்ல திரும்பி வந்துச்சுன்னு மட்டும் கமெண்ட்ல சொல்லுங்க. அக்கவுண்ட் நம்பர், ஃபோன் நம்பர் எதுவும் போடாதீங்க. ஆர்பிஐ விதிகள் அப்பப்போ மாறும், அதனால புகார் கொடுக்கிறதுக்கு முன்னாடி இப்போதைய விதியை ஒரு தடவை பார்த்துக்கோங்க. யுபிஐ புகாரை ஆப்ல எப்படிப் பதியுறதுன்னு அடுத்த வீடியோவுல ஸ்டெப் பை ஸ்டெப்பா காட்டுறேன்.